டெர்மினேட்டர் படங்களும் கொல்லா விரதமும்

சென்ற தசலட்சண பர்வத்தின் முதல் நாள். அகமதாபாத்தில் எங்கள் ஜினாலயத்தில் பூஜை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எண்பது வயதைத் தாண்டிய, வந்தவாசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டார். "தம்பி, நீங்க இங்கிலீஷ் சண்டைப் படத்துக்கெல்லாம் பெரிய ரசிகராமே? இருட்டறதுக்கு முன்னால சாப்பிடறீங்க. கிழங்கு தொடறதில்லை. தண்ணியை வடிகட்டித்தான் குடிக்கிறீங்க. அப்புறம் ஆளை ஆள் சுடறதை ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கறீங்க. அது துச்ருதி ஆகாதா?" என்று கேட்டார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. துச்ருதி என்பது இல்லறத்தாருக்கு விலக்கப்பட்ட வீண் பாவங்கள் ஐந்தில் ஒன்று. சமந்தபத்திராசாரியார் 'ரத்னகரண்டக சிராவகாசார'த்தில் இவற்றை வகைப்படுத்தியிருக்கிறார். அதன் வழி வந்த தமிழ் நூலான 'அருங்கலச்செப்'பிலும் காணலாம். பாவத்தை உபதேசித்தல், கொலைக் கருவியைப் பிறருக்குக் கொடுத்தல், பிறர் கெட மனத்தால் நினைத்தல், மனத்தைக் கலக்கும் கெட்ட கதைகளைக் கேட்டல், காரணமில்லாமல் மண்ணையும் நீரையும் மரத்தையும் அழித்தல் என்பவை அந்த ஐந்து. நான்காவதுதான் துச்ருதி. சினிமா தோன்றப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சினிமாவுக்குச் சட்டம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

மலர்க்குழு நண்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டபோது, பொன்னூர் மலையைப் பற்றியோ கல்வெட்டுகளைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மன்னிக்க வேண்டும். பெரியவரின் கேள்வி என்னை விடவில்லை. நாற்பது வருடமாக நான் விரும்பிப் பார்த்துவரும் டெர்மினேட்டர் படங்களைப் பற்றி எழுதி, அவருக்கும் எனக்கும் ஒரு பதில் தேடிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

படம் பார்க்காத அன்பர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வருங்காலத்தில் 'ஸ்கைநெட்' என்ற ராணுவக் கம்ப்யூட்டர் தானே சிந்திக்கத் தொடங்கி, மனிதர்கள் தன்னை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து அணுகுண்டுப் போரை மூட்டிவிடுகிறது. மிஞ்சிய மனிதர்களைத் திரட்டி எதிர்ப்பவன் ஜான் கானர். அவனை வெல்ல முடியாத ஸ்கைநெட், அவன் பிறக்கவே கூடாது என்று திட்டமிட்டு, 2029-ஆம் ஆண்டிலிருந்து ஒரு கொலை இயந்திரத்தை 1984-க்கு அனுப்புகிறது. மேலே மனிதத் தோலும் சதையும், உள்ளே உலோக எலும்புக்கூடு. அதுதான் டெர்மினேட்டர். ஜானின் தாயாகப் போகிற சாரா கானர் அப்போது லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஓட்டலில் பரிமாறும் பெண். டெலிபோன் டைரக்டரியில் சாரா கானர் என்ற பெயரில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களை வரிசையாகக் கொல்லப் புறப்படுகிறது இயந்திரம். அவளைக் காப்பாற்ற கைல் ரீஸ் என்ற வீரனும் வருங்காலத்திலிருந்து வருகிறான். அவனே ஜானின் தகப்பனும் ஆகிவிடுகிறான்.

இந்தக் கதை பிறந்த விதமும் சுவையானது. ஜேம்ஸ் கேமரூன் பெயர் எடுக்காத காலம். ரோம் நகரத்தில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, தீக்குள்ளிருந்து ஓர் உலோக உடம்பு கத்தியோடு ஊர்ந்து வருவதாகக் கனவு கண்டார். அதைத்தான் கதையாக வளர்த்தார். தானே இயக்க வேண்டும் என்பதற்காக, தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்குக் கதையின் உரிமையை ஒரே ஒரு டாலருக்கு விற்றார். நாற்பது வருடம் துணி வியாபாரம் பார்த்த நான் இப்படி ஒரு பேரத்தைக் கேள்விப்பட்டதில்லை. ஏறத்தாழ 64 லட்சம் டாலரில் படம் முடிந்தது. ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. அர்னால்ட் ஷ்வார்ஸ்னெக்கரிடம் முதலில் பேசப்பட்டது கைல் ரீஸ் வேடத்துக்காக. பேச்சினூடே அவர் இயந்திரம் எப்படி நடக்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் வேடம் மாறியது. படம் முழுக்க அவர் பேசும் வசனம் மிகக் குறைவு. அதுவே பயத்தைக் கூட்டுகிறது.

நான் அதை 1986 வாக்கில், வாடகை வீடியோ காசெட்டில் பார்த்தேன். மார்க்கெட் விடுமுறை. நான்கு பையன்கள் ஒரே அறையில். உண்மையைச் சொல்வதானால் அன்றைக்கு எனக்கு விரதமும் நினைவில்லை, ஒன்றும் நினைவில்லை. இயந்திரம் போலீஸ் ஸ்டேஷனுக்குள் காரை ஓட்டி நுழைந்து, அறை அறையாகப் போய்ச் சுடுகிற காட்சியில் நாங்கள் நாலு பேரும் கை தட்டினோம். அந்த ஒரே இரவில் செத்துப்போன போலீஸ்காரர்கள் 17 பேர் என்று அடுத்த படத்தில் கணக்குச் சொல்கிறார்கள். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினை மூன்று வழியாக வந்து சேரும் என்பது நம் சமயக் கொள்கை. கை தட்டியது உடன்பாடுதானே? பெரியவர் கேட்டது முதல் படத்தோடு நின்றிருந்தால் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு விடுவேன்.

ஆனால் 1991-இல் 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற இரண்டாம் படம் வந்தது. அதே கேமரூன், அதே அர்னால்ட். அதே உருவமுள்ள இயந்திரம் மறுபடி வருகிறது. இந்த முறை அதைப் பிடித்து, உள்ளே இருக்கும் கட்டளையை மாற்றி, சிறுவனாக இருக்கும் தன்னையே காப்பாற்றும்படி அனுப்புகிறான் வருங்கால ஜான் கானர். கொல்ல வருவது வேறொன்று. பாதரசம் போல உருகி எந்த வடிவமும் எடுக்கும் டி-1000.

கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், பத்து வயதுப் பையன் ஜான் அந்தப் பழைய இயந்திரம் தன் பேச்சைக் கேட்கும் என்று கண்டுபிடிக்கிற இடத்தில். விளையாட்டாக ஏவிப் பார்க்கிறான். தலையிட வந்த ஓர் ஆளை இயந்திரம் சுடப் போய்விடுகிறது. பையன் துப்பாக்கியைத் தட்டிவிடுகிறான். இப்படி ஆட்களைக் கொல்லக்கூடாது என்கிறான். ஏன் என்று கேட்கிறது இயந்திரம். கூடாதென்றால் கூடாதுதான் என்கிறான். மறுபடி ஏன் என்கிறது. பையனுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. நாம்கூட எத்தனை பேர் உடனே சொல்லிவிடுவோம்? தர்க்கம் பேசாமல், தாயை மீட்கப் போகும் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வாசலில், கையைத் தூக்கி யாரையும் கொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்கிறான். இயந்திரமும் கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறது. அடுத்த நிமிஷமே காவலாளியின் காலில் சுட்டுவிட்டு, இவன் பிழைத்துக்கொள்வான் என்கிறது! தியேட்டரே சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது நமக்குத் தெரிந்த கதையாயிற்றே என்று பட்டது.

தெரிந்த கதைதான். நீலகேசி. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் வாமன முனிவர் உரையோடு பதிப்பித்தார். ஒரு நகரத்துச் சுடுகாட்டை ஒட்டிய காளி கோயிலுக்கு ஆடுகளைப் பலி கொடுக்க வருகிறார்கள். அங்கே தவம் இருந்த முனிச்சந்திரர், உயிருள்ள ஆட்டுக்குப் பதில் மண்ணால் ஓர் உருவம் செய்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். பலி நின்றுபோன கோபத்தில், அவரை அப்புறப்படுத்த வேண்டிப் பழையனூர் நீலி என்ற கொடிய பேய் வரவழைக்கப்படுகிறாள். அவள் பயமுறுத்திப் பார்க்கிறாள். ராஜகுமாரி வடிவம் எடுத்து மயக்கிப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. கடைசியில் அவரிடமே அறம் கேட்டு, கொல்லாமையை ஏற்றுக்கொண்டு, பிற சமயத்தாரோடு வாதம் செய்து அதைப் பரப்பக் கிளம்பிவிடுகிறாள். (நாட்டுப்புறத்தில் வழங்கும் நீலி கதை வேறு. அதில் மனைவியைக் கொன்றவன் ஒரு வணிகன். அதனாலேயே எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை.)

கேமரூன் நீலகேசி படித்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. அப்படி எல்லாவற்றுக்கும் நம் நாட்டிலிருந்து போனது என்று சொல்லுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. கொல்லப் படைக்கப்பட்ட ஒன்றை அழிக்காமல் அதனிடம் விரதம் வாங்குவது என்ற எண்ணம், எந்த நாட்டிலும் யோசிக்கிற மனத்துக்குத் தோன்றக்கூடியது. அந்த எண்ணத்தை இவ்வளவு பெரிய பட்டாசுக் கடைக்கு நடுவே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

நம் சாத்திரப்படி இயந்திரம் வாங்கியது மகாவிரதம் ஆகாது. அது முனிவருக்குரியது, எவ்வுயிர்க்கும் எந்தத் துன்பமும் செய்யாமை. இல்லறத்தானுக்கு அணுவிரதம். வேண்டுமென்று நினைத்துச் செய்யும் கொலையை அவன் விட்டாக வேண்டும். சமையல், தொழில், தற்காப்பு இவற்றில் தவிர்க்க முடியாமல் நேருவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அர்னால்டின் இயந்திரம் காலில் சுடுகிறது, கார்களைத் தூள் தூளாக்குகிறது, ஆனால் உயிரைத் தொடுவதில்லை. சைபர்டைன் கம்பெனிக் கட்டடத்தைப் போலீஸ் படை சுற்றி வளைக்கும்போது, சுழல் துப்பாக்கியைத் தூக்கி அத்தனை வண்டிகளையும் சல்லடையாக்குகிறது. பிறகு இயந்திரத்தின் கண் வழியாக நமக்கு ஒரு கணக்குக் காட்டுகிறார்கள். மனித உயிர்ச்சேதம்: 0.0. பேரேட்டில் வாழ்நாளைக் கழித்தவன் நான். 1984-இல் 17, 1991-இல் பூஜ்யம். ஒரே உருவம், ஒரே பலம், ஒரே துப்பாக்கி. இடையில் எழுதப்பட்ட வரவு ஒரு பையனின் சொல் மட்டும்தான்.

இந்தப் படம் தொழில்நுட்பத்தாலும் பேர் பெற்றது. ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவு. அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு செலவானதில்லை என்றார்கள். உலகம் முழுக்க 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆஸ்கர் நான்கு. உருகும் மனிதனைக் கம்ப்யூட்டரில் வரைந்த காட்சிகள் மொத்தமே ஐந்து நிமிஷம் போலத்தான். மீதியை ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் பொம்மையாகவும் முகமூடியாகவும் செய்தார்கள். சாரா இரண்டு பேராகத் தெரிய வேண்டிய இடத்தில் லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரியையே நிறுத்தினார்கள். ஸ்டான் வின்ஸ்டன் 2008-இல் காலமானார். அவருடைய ஆட்கள் தொடங்கிய லெகசி எஃபெக்ட்ஸ்தான் 2010-இல் நம் ரஜினிகாந்தின் 'எந்திரன்' படத்து இயந்திர பொம்மைகளுக்கும் வேலை செய்தது. முதல் இரண்டு டெர்மினேட்டர் படங்களையும் அமெரிக்க தேசிய திரைப்படப் பதிவேட்டில் 2008-லும் 2023-லும் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள்.

இனி ஒரு கடினமான இடத்துக்கு வர வேண்டும். இயந்திரம் அசீவம். உயிரற்ற புற்கலம். அதற்கு வினையும் இல்லை, வினையின் பயனும் இல்லை. அது விரதம் காத்தால் அதற்குப் புண்ணியம் சேராது, 17 பேரைக் கொன்றபோது பாவமும் சேரவில்லை. அப்படியானால் அந்த 17-ஐ யார் பேரில் எழுதுவது? ஏவியவன் பேரில்தான். ஸ்கைநெட்டும் இயந்திரம்தானே என்றால், அதைச் செய்தவன் பேரில். படம் இதைத் தட்டிக் கழிக்கவில்லை. மைல்ஸ் டைசன் என்ற நல்ல மனிதன், மனைவி பிள்ளை உள்ளவன், உடைந்துபோன முதல் டெர்மினேட்டரின் சில்லையும் கையையும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறான். அதிலிருந்துதான் ஸ்கைநெட் பிறக்கப் போகிறது. சாரா அவன் வீட்டுக்குப் போய், அவனைச் சுட்டுக் காயப்படுத்தி, நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டுகிறாள். அந்த நேரத்தில் அவள்தான் முதல் படத்து டெர்மினேட்டர். பிறகு அழுதுகொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். விஷயத்தைக் கேட்டதும் டைசன், இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறான். நியாயமான கேள்வி. ஆனால் நம் ஐந்தில் இரண்டாவது அதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஹிம்சாதானம், கொலைக் கருவியைப் பிறர் கையில் கொடுப்பது. கொடுத்தவன் வெட்டவில்லை என்பது அங்கே கணக்கில் வராது. டைசன் பதில் பேசிக்கொண்டு நிற்கவில்லை. தன் ஆராய்ச்சி அனைத்தையும் தானே கொளுத்தச் சம்மதித்து, அந்த வேலையிலேயே உயிரையும் விடுகிறான்.

கடைசிக் காட்சியில் இயந்திரம் தன்னுள் இருக்கும் கடைசிச் சில்லும் அழிய வேண்டும் என்று சொல்லி, தன்னைத் தானே மாய்த்துக்கொள்ள அதற்கு அனுமதி இல்லாததால், சாராவை விசையை அழுத்தச் சொல்லி உருகிய இரும்புக்குள் இறங்குகிறது. இதை நண்பர் ஒருவர் சல்லேகனையோடு ஒப்பிட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சல்லேகனை ஆசையும் வெறுப்பும் அடங்கி, உணவைக் குறைத்து, ஆத்மா தன்னைத் தானே கவனிக்கும் நீண்ட நோன்பு. இது தியாகம். இரண்டையும் குழப்பக்கூடாது. ஆனாலும் அந்தக் கட்டைவிரல் கடைசியாக மூழ்கும்போது கண் கலங்காமல் நான் இன்றுவரை பார்த்ததில்லை.

பிறகு வந்த படங்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 2003-இல் மூன்றாவது, இயக்குநர் ஜானதன் மாஸ்டோ. அழிவு தள்ளித்தான் போனது, நிற்கவில்லை என்று துணிந்து முடித்தார்கள். ஸ்கைநெட் ஒரு பெட்டிக்குள் இல்லை, உலகத்துக் கம்ப்யூட்டர்கள் முழுக்கப் பரவியிருக்கிறது, பிளக்கைப் பிடுங்க இடமே இல்லை என்ற முடிவு எனக்குப் பிடித்தது. அந்த வருடமே அர்னால்ட் கலிபோர்னியா கவர்னராகிவிட்டார். 2009-இல் வந்த 'சால்வேஷன்' படத்தில் இரும்பு உடம்புக்குள் மனித இதயம் துடிக்கும் ஒருவன் வருகிறான். சீவனா அசீவனா என்று நல்ல விவாதம் நடத்தியிருக்கலாம். குண்டு வெடிப்பிலேயே நேரம் போய்விட்டது. 2015-இல் வந்த 'ஜெனிசிஸ்' எனக்கு ரசிக்கவில்லை, விட்டுவிடுகிறேன்.

2019-இல் வந்த 'டார்க் ஃபேட்' வசூலில் நஷ்டப்பட்டது. ரசிகர்களில் பாதிப் பேருக்குக் கோபம், ஆரம்பத்திலேயே ஜானைக் கொன்றுவிட்டார்கள் என்று. எனக்கு அது இரண்டாவது படத்துக்கு அடுத்த இடத்தில். ஏன் என்று சொல்கிறேன். ஜானைக் கொன்ற இயந்திரத்துக்கு அதன்பின் வேலை இல்லை. கட்டளை கொடுக்க ஆளும் இல்லை. அது டெக்ஸாஸில் கார்ல் என்று பெயர் வைத்துக்கொண்டு, கணவனிடம் அடிபட்ட ஒரு பெண்ணுக்கும் அவள் மகனுக்கும் துணையாகக் குடும்பம் நடத்துகிறது. என்ன தொழில் தெரியுமா? திரைச்சீலை வியாபாரம்! ஒரு குழந்தையின் அறைக்கு ஒரே நிறத் துணி போடாதே, புள்ளி போட்டது போடு என்று வாடிக்கையாளருக்குப் புத்தி சொன்னதாக அது பேசும்போது நான் நாற்காலியில் துள்ளிவிட்டேன். முற்றிலும் சரியான யோசனை. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சிரிப்பு ஒரு பக்கம். பிள்ளையை வளர்க்க ஆரம்பித்த பிறகுதான், தான் ஒரு தாயிடமிருந்து எதைப் பறித்தோம் என்று அதற்குப் புரிகிறது. சாராவுக்குப் பெயர் போடாமல், அடுத்த இயந்திரம் எங்கே எப்போது வரும் என்று செய்தி அனுப்புகிறது, ஜானுக்காக என்று எழுதி. அவள் மனம் ஆற ஏதாவது கிடைக்கட்டும் என்று. நாம் பர்வம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கிறோமே, வருடம் முழுக்கத் தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கு? பல பேர் வாட்ஸ்அப்பில் ஒரே படத்தை எல்லோருக்கும் தள்ளிவிடுகிறோம். கார்ல் கேட்டது நேராக. சாரா மன்னித்தாளா என்றால், மன்னிக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. அது நிஜம் போல இருந்தது.

இதை வெறும் சினிமாப் பேச்சாக நான் எழுதிக்கொண்டிருக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் தங்கை மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். காமிராப் படத்தில் இருப்பது மனிதனா, வண்டியா, மரமா என்று கம்ப்யூட்டர் தானே கண்டுபிடிக்கும் வேலை. சிறு வயதில் என் மடியில் உட்கார்ந்து இரண்டாவது படத்தைக் கேபிளில் பார்த்தவன். சில மாதம் முன்பு இரவில் போன் செய்தான். "மாமா, எங்க டீமை ஆயுதம் செய்யற ப்ராஜெக்ட்டுக்கு மாத்தறாங்க. நான் சுடப் போறதில்லை. எது மனுஷன்னு அடையாளம் மட்டும்தான் சொல்லும் என் ப்ரோக்ராம். சம்பளம் கூட. தப்பா?" என்றான். நாட்டைக் காப்பதற்குப் படை வேண்டும், அதை நம் ஆசாரியர்களும் அரசனுக்கு மறுத்ததில்லை. எதிர்த்து வருகிறவனைத் தடுப்பது வேறு வகை என்றுதான் பிரித்தார்கள். ஆனால் அங்கே சுடுகிறவன் ஒரு சீவன். பயம் உண்டு, தயக்கம் உண்டு, இரவில் தூக்கம் கெடும். மனிதன் கை படாமல் தானே ஆளைத் தேர்ந்து சுடும் ஆயுதத்தில் அந்தத் தூக்கம் கெடுகிற ஆள் யார்? ஜெனீவாவில் ஐ.நா. உடன்படிக்கை நாடுகள் 2014 முதல் இதைப் பேசிக்கொண்டே இருக்கின்றன. கடைக்காரன் நான் என்ன தீர்ப்புச் சொல்ல?

அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். "உன் ப்ரோக்ராம் இது மனுஷன்னு சொன்ன பிறகு, நடுவுல ஒரு ஆள் இருக்கானா, இல்லையா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேட்டுச் சொல்றேன் மாமா" என்றான். கேட்டிருக்கிறான், எழுத்தில் பதில் வரவில்லையாம். இன்னும் அந்தக் குழுவுக்குப் போகவும் இல்லை, வேலையை விடவும் இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. டைசனுக்கு ஒரே இரவில் முடிவெடுக்க முடிந்தது. சினிமாவில் முடியும்.

பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. வாயால் சொல்வதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு வீட்டுக்கு அழைத்தேன். இரண்டாவது படம் 137 நிமிஷம், பொழுது சாய்வதற்கு வெகு முன்பே முடிந்துவிடும் என்று உறுதி கொடுத்த பிறகுதான் வந்தார். துப்பாக்கி வெடிக்கிற இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். பையன் சத்தியம் வாங்குகிற இடத்தில் திறந்து பார்த்தார். 0.0 வந்ததும், "நிறுத்துங்க, அது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டு, மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். உருகும் இயந்திரம் கொன்ற ஆட்களை மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். முடிந்ததும் மேல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"துச்ருதிதான் தம்பி. அதுல சந்தேகமே இல்லை" என்றார்.

நான் பேசாமல் தலையசைத்தேன். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அந்தத் திரைச்சீலை வியாபாரம் பண்றது எந்தப் படம்னு சொன்னீங்க? அது எவ்வளவு நேரம் ஓடும்?"

"ரெண்டு மணிக்குக் கொஞ்சம் கூட, ஐயா."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமையும் ரெண்டு மணிக்கே வரேன்" என்றார்.